சொல்லும் விலை, படியும் விலை

பழைய வண்டி விற்கும் இணையதளங்களில் விளம்பரம் எழுத ஒரு தனி நடையே உருவாகிவிட்டது. மாடல் ஆண்டு முதலில் வரும். அடுத்து ஆர்.சி. புக் இருக்கிறதா என்பது. பிறகு எஃப்சி எனும் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், டயர், எத்தனையாவது ஓனர் என்ற விவரங்கள். கடைசியில் விலையும், அதன் பக்கத்திலேயே 'பேசிக்கொள்ளலாம்' என்ற சொல்லும். எழுபது வயதான வில்லீஸ் ஜீப்புக்கு அங்கே புதிய கார் ஒன்றின் விலையைச் சொல்வார்கள். அதே பக்கத்தில் சற்றுக் கீழே இறங்கினால், நாற்பது வயது மெட்டடார் வேன் ஒன்று இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கேட்கப்பட்டு நிற்கும். இரண்டுமே இன்று சாலையில் எளிதில் கண்ணில் படாதவை. ஒன்றுக்கு லட்சங்கள், இன்னொன்றுக்கு ஆயிரங்கள்.

எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும் என்பது சந்தையின் பொதுக் கணக்கு. சரக்கு வண்டிகள் விஷயத்தில் அந்தக் கணக்கு பாதிதான் பலிக்கிறது. மீதிப் பாதிக்கு விடை, அவை எப்படி உழைத்தன, எப்படிச் செத்தன என்பதில் கிடக்கிறது. அதைப் பார்க்கத் திருவண்ணாமலை நல்ல இடம். பாரம் இழுக்கும் உயிர்களுக்கு விலை சொல்லி, இழுபறி பேசி, கைமாற்றிக்கொள்ளும் பழக்கம் இந்த ஊரில் மோட்டார் வண்டிக்கு வெகுகாலம் முந்தியது.

முதலில் அமெரிக்காவைப் பார்த்துவிடலாம். பழைய பிக்கப் லாரிக்கு ஊரறிந்த விலைப்பட்டியல் இருப்பது அங்கேதான். 1925 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரின் பின்புறத்தில் ஒரு இரும்புத் தொட்டியை வைத்து, தொழிற்சாலையிலேயே முடித்த பிக்கப்பாக விற்கத் தொடங்கியது. விலை 281 டாலர். அதுவரை விவசாயி காரை வாங்கி, பின் பகுதியை அறுத்து, உள்ளூர்த் தச்சனிடம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1947-இல் செவர்லே புதிய வடிவத்தில் பிக்கப் வரிசையைக் கொண்டுவந்தது. 1948-இல் ஃபோர்டின் எஃப்-1 வந்தது. இன்று இணைய ஏலங்களில் பல பத்தாயிரம் டாலருக்குப் போகும் பிக்கப்புகளில் பெரும்பகுதி இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை.

அங்கே அரிது என்பதற்கு எண் இருக்கிறது. செவர்லேயின் கேமியோ கேரியர் 1955-இல் 5,220 மட்டுமே செய்யப்பட்டது. டாட்ஜின் சிவப்பு நிற லில் ரெட் எக்ஸ்பிரஸ் 1978-இல் 2,188. தொழிற்சாலைக் கணக்கு, எஞ்சின் எண், சேசிஸ் எண், முதல் பில் எல்லாம் பொருந்தி வந்தால் விலை ஒரு படி ஏறும். எஞ்சின் மாற்றியிருந்தால் இறங்கும். சில வண்டிகளை அரசின் வரியே அரிதாக்கியது. 1964-இல் ஐரோப்பாவோடு கோழி இறைச்சி வர்த்தகத்தில் வந்த சண்டையில், இறக்குமதியாகும் சிறு லாரிகளுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. ஃபோக்ஸ்வாகனின் பிக்கப் அந்த நாட்டுக்கு வருவது அதோடு அடங்கிப்போனது. அதனால்தான் அந்த ஜெர்மன் வண்டி இன்று அங்கே அத்தனை விலை போகிறது.

ஏலம் முடிந்தால் படிந்த விலை எல்லார் கண்ணிலும் படும். அடுத்து விற்பவர் அதைக் காட்டி விலை சொல்வார். விலைக்கு நினைவு இருக்கும் சந்தை அது.

திருவண்ணாமலையின் சந்தை வேறு மாதிரி. கார்த்திகை தீபத்தை ஒட்டி இங்கே கூடும் மாட்டுச் சந்தை ஆங்கிலேயர் காலத்திலேயே பெயர் பெற்றது. பத்து நாள் திருவிழா, தேர், 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஏற்றும் மகாதீபம் இவற்றுக்காக வரும் கூட்டத்தோடு கூட்டமாக உழவர்களும் தரகர்களும் வருவார்கள். உழவு மாடு, வண்டி மாடு, கறவை, கன்று, குதிரை எல்லாம் வரும். கயிறு, சலங்கை, கழுத்து மணி, சாட்டை விற்பவர்கள் ஓரமாகக் கடை விரிப்பார்கள். சாமி கும்பிட வந்தவர் திரும்பிப் போகும்போது ஒரு ஜோடி மாட்டை ஓட்டிக்கொண்டு போவது இந்தச் சீமையில் இயல்பாக நடந்த காரியம்.

அங்கே விலை வாயால் சொல்லப்படுவதில்லை. தரகர் தன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாங்குபவரின் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, கையை முழுதாகப் பிடித்தால் ஐந்து. அது நூறா, ஆயிரமா என்பதை எதிரே நிற்கும் மாடே சொல்லிவிடும். சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும். பக்கத்துக் கயிற்றில் கட்டிய மாட்டுக்காரர் இந்த விலையைப் பிடித்துக்கொண்டு தன் மாட்டுக்கு ஏற்றிச் சொல்ல முடியாது. குறைத்துக் கேட்டவருக்கும் நாலு பேர் முன்னால் முகம் வாடாது. தரகர் விற்பவரிடம் ஒரு தொகையும் வாங்குபவரிடம் இன்னொரு தொகையும் பிடித்து நடுவில் சம்பாதிக்கவும் இதே துண்டுதான் வசதி செய்து கொடுத்தது.

விலைக்கு முன் சோதனை உண்டு. வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள்: இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடைப்பல் முளைத்தது என்று வயது தெரிந்துவிடும். உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடங்களைத் தேடி, சுழி சுத்தமா என்று பார்ப்பார்கள். கூடாத இடத்தில் சுழி இருந்தால் நல்ல மாடும் மலிவுக்குப் போகும். நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஜோடிப் பொருத்தம். உயரம், கொம்பு, நிறம், நடை நான்கும் ஒத்துப்போகும் ஜோடிக்கு, தனித்தனியாக இரண்டு மாடு வாங்கும் விலையைவிடக் கூடுதல் கேட்பார்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பொருந்திய வண்டிக்கு அமெரிக்கர் கூடுதலாகக் கொடுப்பதை இந்தத் தரகர்களிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இந்த மாடுகளுக்கு வேலை என்ன? திருவண்ணாமலை வட்டம் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த மாவட்டம் சென்னை மாகாணத்தின் முக்கிய மணிலா எனும் நிலக்கடலைப் பயிர்ச் சீமை ஆயிற்று. கொட்டை பாண்டிச்சேரித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. விழுப்புரத்திலிருந்து வடக்கே போகும் மீட்டர் கேஜ் ரயில் பாதை திருவண்ணாமலைக்கும் வந்துவிட்டது. 1896 செப்டம்பர் முதல் தேதி காலையில் ரமணர் இந்த ஊரில் வந்து இறங்கியது ரயிலில்தான். ஆனால் ரயில் நிலையம் வரை மூட்டைகளைக் கொண்டுசேர்ப்பது கட்டை வண்டியின் வேலை. செங்கம், தண்டராம்பட்டு, வேட்டவலம், கீழ்பென்னாத்தூர்ப் பக்கங்களிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால் ஒரு ஜோடி மாடு இருந்தது. சந்தையில் மாட்டுக்கு விழுந்த விலை, உண்மையில் மணிலாவுக்கும் நெல்லுக்கும் ஆகும் வண்டி வாடகையிலிருந்து பிறந்த விலை.

மோட்டார் வண்டி இந்தப் பக்கம் முதலில் சரக்கு ஏற்ற வரவில்லை, ஆள் ஏற்றத்தான் வந்தது. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910-களின் தொடக்கத்தில் பஸ் ஓட்டினார். 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டுநராக அமர்ந்து ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டினார். 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் பாகங்களைப் பொருத்தி வண்டி தயாரிக்கத் தொடங்கியது. செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் ஆகியவை பெரும்பாலும் வெறும் சேசிஸாக வரும். அதன்மேல் பஸ்ஸாகவோ லாரியாகவோ பாடி கட்டுவது உள்ளூர்த் தச்சரின், டிங்கரின் வேலை. தொழிற்சாலையே தொட்டி வைத்து முடித்துத் தரும் பிக்கப் என்ற உருப்படி இங்கே ஆரம்பத்திலிருந்தே குறைவு. பின்னால் எத்தனை வருடம் கழித்துத் தேடினாலும் 'ஒரிஜினல் பாடி' கிடைக்காததற்கு இதுவே முதல் காரணம். ஒரிஜினல் என்று ஒன்று பல வண்டிகளுக்கு இருந்ததே கிடையாது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பஸ்களும் லாரிகளும் பின்னால் ஒரு உருளைக் கலத்தைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் ஓடின. சென்னை மாகாணத்தில் சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனமே அந்தக் கரி வாயுக் கலங்களைத் தயாரித்தது. அடுப்பு மூட்டுவதுபோல் காலையில் கரியைப் பற்றவைத்து, புகை தெளிந்த பிறகுதான் வண்டி கிளம்பும். மேடு வந்தால் திணறும். போர் முடிந்ததும் காட்சி மாறியது. ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளும் லாரிகளும் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் வண்டி' என்று பெயர் பெற்ற அவை மலிவாகக் கிடைத்து, பாடி மாறி, பஸ்ஸாகவும் மர லாரியாகவும் மாவட்டங்களுக்குள் நுழைந்தன.

1953-இல் மத்திய அரசின் வரிக் குழு ஒரு முடிவு சொன்னது: பாகங்களை இறக்குமதி செய்து வெறுமனே பொருத்தி விற்கும் நிறுவனங்கள், உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் இல்லாவிட்டால் தொழிலை முடித்துக்கொள்ள வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. அமெரிக்கச் சிறு லாரிகளின் வரத்து அத்தோடு சுருங்கியது. பம்பாயில் பிரீமியர் நிறுவனம் செய்த டாட்ஜ், ஃபார்கோ லாரிகளும், கல்கத்தாவை ஒட்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த பெட்ஃபோர்டும், ஜாம்ஷெட்பூரில் 1954-இலிருந்து வந்த டாடா மெர்சிடிஸ் பென்ஸும், சென்னை எண்ணூரில் 1955-இல் புதுப்பெயர் பூண்ட அசோக் லேலண்டும் களத்தில் நின்றன. இன்று இணையத்தில் 'அமெரிக்க பிக்கப்' என்று தேடும் இந்தியருக்குக் கிடைக்கக்கூடியவை எவ்வளவு சொற்பம் என்பதை அந்த 1953 முடிவு அப்போதே தீர்மானித்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாம் என்றால், 1950-க்கு முன் செய்த வண்டிகளுக்கு மட்டுமே நீண்ட காலம் இறக்குமதிச் சலுகை இருந்தது. அதற்கு விதிக்கும் சுங்கவரியைச் சேர்த்தால் வண்டியின் விலையே சின்னதாகத் தெரியும்.

எஞ்சியிருந்த அமெரிக்க வண்டிகளின் இதயத்தை டீசல் தின்றது. பெட்ரோல் குடிக்கும் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு லோடு அடித்துப் பிழைக்க முடியாது. 1950-களில் சென்னை சிம்சன் நிறுவனம் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினை இங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. பழைய டாட்ஜ், செவர்லே முகப்புகளுக்குள் பெர்க்கின்ஸ் புகுந்தது. இறக்கிய பெட்ரோல் எஞ்சின் எடைக்குப் போனது. உரிமையாளருக்கு அது புத்திசாலித்தனமான செலவு. வண்டிக்கு இன்னும் இருபது வருட ஆயுள். சேகரிப்பவரின் கண்ணுக்கு அதுவே வண்டியின் விலையைப் பாதியாக்கும் அறுவைச் சிகிச்சை.

சிறு சரக்கு வண்டிகள் என்று தனியாக ஒரு கூட்டம் வந்தது 1950-களின் பிற்பகுதியில். புனேயின் பஜாஜ் டெம்போ நிறுவனம், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து டெம்போ ஆலையின் உதவியோடு 1958-இல் ஹான்சியட் என்ற மூன்று சக்கர வண்டியை இறக்கியது. முன்னால் ஒரே சக்கரம், அதன் மேலேயே டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், பின்னால் தொட்டி. பிறகு அதே நிறுவனத்தின் மெட்டடார் வந்தது. தமிழ்நாட்டுச் சந்தை முக்குகளில் வாடகைக்கு நிற்கும் எந்தச் சிறு லாரியையும் மக்கள் டெம்போ என்றே அழைக்கும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சென்னைக்கும் சொந்தமாக ஒன்று இருந்தது. 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தை வேன்கார்டு, ஹெரால்டு, கெசல் கார்களுக்காகத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஆலை, இங்கிலாந்தின் அட்லஸ் வேனை ஒட்டி ஸ்டாண்டர்ட் 20 என்ற வண்டியையும் செய்தது. வேன், பிக்கப், மினி பஸ் என்று பல உருவங்களில் அது வந்தது. 1980-களின் இறுதியில் ஆலை நின்றதும் உதிரிப் பாகம் கிடைப்பது நின்றது. ஹெரால்டு கார்களைத் துடைத்துப் போற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. ஸ்டாண்டர்ட் 20 பிக்கப்பை அப்படி வைத்திருப்பவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஆலையில் பிறந்த இரண்டில், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோவிலுக்குப் போனது பிழைத்தது. திங்கட்கிழமை காலை மூட்டை ஏற்றியது செத்தது.

மஹிந்திராவின் கதை இதைவிடத் தெளிவு. அமெரிக்காவில் வில்லீஸ் நிறுவனம் 1956 முதல் 1965 வரை, எஞ்சினுக்கு மேலேயே கேபின் அமைந்த எஃப்.சி. (ஃபார்வர்ட் கன்ட்ரோல்) வரிசை ஜீப் லாரியை விற்றது. மொத்தம் 30,000 சொச்சம்தான் போயின. அங்கே அது தோற்ற வண்டி. தோற்றதாலேயே அரிது, அரிதாலேயே இன்று விலை. அந்த வடிவத்தை மஹிந்திரா இந்தியாவில் தொடர்ந்து செய்தது. இங்கே அது தோற்கவில்லை. வேனாக, சிறு லாரியாக, ஆம்புலன்ஸாக ஓடி, ஓடித் தேய்ந்து தீர்ந்தது. வாங்க ஆள் இல்லாமல் குறைந்துபோனது அங்கே, விடாமல் உழைத்துக் கரைந்துபோனது இங்கே. அங்கே ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும் அதே முகத்தை இங்கே காயலான் கடைக்காரர் கிலோவில் நிறுத்துப் பார்த்தார்.

ஒரு சரக்கு வண்டி எப்படிச் சாகிறது என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். முதலில் அதை வாங்குபவர் கடன் வாங்கித்தான் வாங்குகிறார். தவணை முடியும்வரை வண்டிக்கு ஓய்வு கிடையாது. தவணை முடிந்ததும் வண்டி இரண்டாம் ஓனரிடம் போகும். நகரத்தில் ஓடியது தாலுகா ஊருக்கு வரும். அடுத்த கை மாறும்போது செங்கல் சூளைக்கோ, கரும்பு வெட்டுக்கோ, ஜவ்வாது மலை அடிவாரத்துக்கோ போகும். வருடத்துக்கொரு முறை எஃப்சி காட்ட வேண்டும். அதற்கு முன் டிங்கரிங், பெயின்ட், பிரேக் வேலை. வயது ஏற ஏறப் பசுமை வரி. 15 வயது தாண்டிய வண்டிகளுக்கு எஃப்சி கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்தியது. ஒரு கட்டத்தில் எஃப்சிக்கு ஆகும் செலவு வண்டியின் விலையைத் தாண்டும். அந்த வருடம் வண்டி உடைக்கப் போகும்.

உடைத்ததும் கதை முடிவதில்லை. கியர் பாக்ஸ் ஒரு வண்டிக்கு, ரேடியேட்டர் ஒரு வண்டிக்கு, கதவு இன்னொன்றுக்கு என்று பிரிந்து போகும். பின் அச்சும் சக்கரமும் பல கிராமங்களில் மாட்டு வண்டிக்கு வந்து சேர்ந்தன. மரச்சக்கரத்தில் இரும்புப் பட்டா அடித்து ஓடிய கட்டை வண்டி, பழைய மோட்டார் அச்சின் மேல் ஏறி டயர் வண்டியானது. பாரம் இரட்டிப்பாக ஏற்றலாம். மாட்டுக்கும் இழுப்பு லேசு. மாட்டு வண்டியை ஒழிக்க வந்த மோட்டார், செத்த பிறகு மாட்டு வண்டிக்கே உயிர் கொடுத்துக்கொண்டு இன்னும் சில பத்தாண்டுகள் சுற்றியது. இப்படி ஒவ்வொரு பாகமாகப் பயன்பட்டுத் தீர்ந்த ஒன்றை முழுதாக எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் கட்டுப்படியாகியிருக்காது.

ஜீப் மட்டும் ஏன் தப்பியது? அது வாழ்ந்த இடம் அப்படி. ராணுவம், போலீஸ், வனத்துறை, பொதுப்பணித் துறை என்று அரசின் கொட்டகைகளில் பராமரிப்போடு கிடந்து, ஏலத்தில் வெளியே வந்தது. வாங்கியவர்களில் எஸ்டேட்காரர்கள், பண்ணையார்கள், ஊர்ப் பிரமுகர்கள் அதிகம். லோடு அடித்துப் பிழைத்தவர்கள் குறைவு. போர்ப் படங்களும் அதற்கு ஒரு வீரப் பெயரைத் தேடித் தந்தன. உதிரிப் பாகத்துக்குத் தட்டுப்பாடும் இல்லை. மஹிந்திரா அதே அடிப்படையில் பல பத்தாண்டுகள் வண்டி செய்துகொண்டே இருந்தது. அரசு ஏலம் என்ற ஊற்றும் இப்போது அடைபட்டுவிட்டது. 15 வயது தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் ரத்தாகிறது. அவை நேராக அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். ஏற்கெனவே வெளியில் இருக்கும் ஜீப்புகளின் சொல்லும் விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய வண்டிகளுக்கென்று சட்டம் முதன்முதலாக ஒரு தனி வகையை ஏற்படுத்தியது 2021-இல். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குப் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, ஊர்வலம், ஆய்வு, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும் சாலைக்கு வரலாம். வாடகைக்கு ஓட்டக் கூடாது. விதியின் வாசகம் சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பற்றிப் பேசுகிறது. பிறந்ததிலிருந்து வணிகப் பதிவில், பெர்மிட்டோடு ஓடிய லாரிக்கு அந்த வாசல் குறுகல். எஞ்சின் மாறியது, பாடி மாறியது என்று வந்தால் 'அசல் உருவம்' என்ற நிபந்தனையும் இடிக்கும். விளம்பரத்தில் 'புக் இருக்கு' என்ற இரண்டு சொற்களுக்கு வண்டியின் பாதி விலை ஏன் என்பது இங்கே தெரிகிறது. எம்.எஸ். என்றோ எம்.டி. என்றோ தொடங்கும் பழைய சென்னை மாநிலத்து எண்ணும், அதற்கு ஒத்த புத்தகமும், சேசிஸில் அழியாத எண்ணும் ஒன்றாக இருந்தால் அது வேறு விலை. புத்தகம் தொலைந்திருந்தால், ஓடுகிற வண்டியும் இரும்புதான்.

காகிதத்துக்கு விலை வைப்பது புதிய பழக்கமும் இல்லை. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சரக்கு லாரிகளுக்குப் பெர்மிட்டைக் கட்டாயமாக்கியது. அதன்பின் பல பத்தாண்டுகள், பழைய பஸ்ஸோ லாரியோ விலை பேசும்போது இரும்புக்கு ஒரு தொகை, பெர்மிட்டுக்கு ஒரு தொகை என்று இரண்டாகத்தான் கணக்கு ஓடியது. நல்ல ரூட்டுக்கான பெர்மிட், ஓட்டை பஸ்ஸையும் தங்க விலைக்கு ஏற்றியது. புது வண்டிக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய லைசென்ஸ் காலத்தில், கையில் கிடைக்கும் பழையது புதியதற்குச் சமமான விலைக்குப் போனதும் உண்டு. அன்றைய பழைய வண்டியின் விலை, உடனே வேலைக்குப் போகலாம் என்ற அவசரத்தின் விலை. இன்றைய பழைய வண்டியின் விலையில் அந்த அவசரம் துளியும் கிடையாது. வாங்குபவர் அதை வேலைக்கு அனுப்பப் போவதில்லை: கல்யாண ஊர்வலத்துக்கு, ஓட்டல் வாசலில் நிறுத்த, படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட. 2010-இல் வந்த 'மதராசபட்டினம்' போல 1940-களைக் காட்டும் படம் எடுப்பவர்களுக்குப் பழைய வண்டி வைத்திருப்பவர்களின் தொலைபேசி எண்கள் தேவை.

இத்தனைக்கும் நடுவில், இணைய விளம்பரத்தில் தெரிவது கேட்கும் விலை மட்டுமே. வண்டி விற்றதும் விளம்பரம் மறையும். எவ்வளவுக்குப் படிந்தது என்பது இரண்டு தொலைபேசிகளுக்குள் முடிந்துவிடும். அடுத்து விற்பவர், தனக்கு முன் விற்றவர் கேட்ட தொகையைப் பார்த்துத் தன் தொகையை எழுதுகிறார். வாங்கியவர் கொடுத்ததைப் பார்த்து அல்ல. ஆறு லட்சம் கேட்டவர் மூன்றரைக்குக் கொடுத்திருக்கலாம். அந்த ஆறு மட்டும் திரையில் நின்று, அடுத்தவரை ஏழு எழுத வைக்கும். அமெரிக்க ஏலத் தளங்களில் படிந்த விலை சேர்ந்து சேர்ந்து ஒரு வரலாறாகிறது. இங்கே ஆசைகள்தான் சேர்ந்துகொண்டே போகின்றன. தீபச் சந்தைத் தரகரின் துண்டு இன்னும் விலகவில்லை. முன்பு அது இரண்டு விலைகளையும் மறைத்தது. இப்போது ஒன்றை ஊருக்கே காட்டிவிட்டு மற்றதை மறைக்கிறது.

மாடுகளுக்கு நடந்ததும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திருவண்ணாமலையும் அப்போது சேர்ந்திருந்த வடஆர்க்காடு மாவட்டத்தின் கிராமங்களில் பசுமைப் புரட்சியைப் பற்றி ஆராய்ந்தபோது, கிணறுகளில் பம்புசெட் பரவிக்கொண்டிருந்தது. கிணற்று நீரை இறைக்கும் கவலை இழுத்த மாட்டுக்கு முதலில் வேலை போனது. டிராக்டர் வந்ததும் உழவு போனது. 1986-இல் வந்த டாடா 407-உம் பின்வந்த சிறு லாரிகளும் வண்டிப் பாரத்தை எடுத்துக்கொண்டன. உழைப்புக்குப் பெயர் போன ஆலம்பாடி மாடு எண்ணிக்கையில் சுருங்கி, அதைக் காப்பாற்ற தர்மபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்தில் ஆராய்ச்சி மையம் வைக்கும் நிலை வந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் நாட்டு மாட்டுக்கு மீண்டும் மதிப்பு ஏறியது. நல்ல காளைக்கு லட்சங்களில் விலை சொல்லப்படுகிறது. ஆனால் அது ஏர் இழுக்கும் காளைக்கு அல்ல, வாடிவாசலில் பாயும் காளைக்கு. வேலை தீர்ந்த பிறகு வரும் விலை, வேலையைப் பார்த்து வருவதில்லை.

இப்போது தீபச் சந்தைக்கு மாடுகள் நடந்து வருவது குறைவு. சிறு லாரிகளில் ஏற்றித்தான் கொண்டுவருகிறார்கள். அவற்றில் குட்டியானை என்று தமிழ்நாடு செல்லப்பெயர் வைத்த டாடா ஏஸும் உண்டு. 2005-இல் சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய்க்கு அறிமுகமாகி, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினோடு ஓடத் தொடங்கிய வண்டி அது. இதுவரை இருபது லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. முதல் வரிசை வண்டிகள் 15 வயதைக் கடந்துவிட்டன; எஃப்சி செலவு தாளாமல் அவை உடைக்கப் போகத் தொடங்கிவிட்டன. 50 ஆண்டு நிபந்தனைப்படி அவற்றில் ஏதாவது ஒன்று 2055-இல் பழம்பெருமை வண்டியாக விண்ணப்பிக்க வேண்டுமானால், யாராவது ஒருவர் இப்போதே அதை லோடு வேலையிலிருந்து விடுவித்து, முதல் எஞ்சினையும் முதல் தொட்டியையும் புத்தகத்தையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இணையத்தில் பழைய குட்டியானைக்குக் கேட்கும் விலையைப் பார்த்தால் அந்தச் செலவு பெரிதல்ல. அதை நிறுத்தி வைக்கும் முப்பது ஆண்டுகளுக்கு வாடகை வரவு இல்லை என்பதுதான் சிக்கல்.